மூலக்கூறு மாதிரிப் பெட்டி: சகப்பிணைப்புக்கு அருமை, ஹைட்ரஜன் பிணைப்புக்கு நாமே கை வைக்க வேண்டும்

போன ஜூலையில் கோயமுத்தூரில் பள்ளிக்கூட லேப் சாமான் விற்கும் கடை ஒன்றில், அணுவுக்கு உருண்டை, பிணைப்புக்குக் குச்சி என்று வரும் இந்தப் பெட்டியை 780 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மகள் பிளஸ் ஒன். வேதிப்பிணைப்புப் பாடம் வரும்போது கையில் பிடித்துப் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். வாங்கின வாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். நான்கு மாதம் திண்ணையிலும் சமையற்கட்டிலும் உருண்டு கிடந்த பிறகு இப்போது என் மதிப்பெண் மூன்றரை. அந்த ஒன்றரை எங்கே போனது என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது பிளாஸ்டிக்கின் தரத்தைப் பற்றியது இல்லை, பிள்ளைகள் மனதில் தப்பாகப் பதிந்துவிடக் கூடிய ஒரு விஷயம்.

பெட்டியின் பெயரை எழுதவில்லை. இதே உருண்டை, இதே குச்சி, மேலட்டையின் நிறம் மட்டும் மாறி நாலைந்து பெயரில் கிடைக்கிறது. கடையில் இரண்டைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருந்தது. அதனால் பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணி வாங்குங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் பல வருசமாக வேலை பார்க்கிறேன். பிணைப்பு என்ற சொல்லைப் பட்டறையில் யாரும் வாயில் எடுப்பதில்லை, ஆனால் நாள் முழுக்க நாங்கள் பார்ப்பது அதைத்தான்: சாயம் துணியைப் பிடித்ததா, பிடித்தது தண்ணீரில் போட்டால் நிற்குமா. அதனால்தான் இந்தப் பெட்டியில் எனக்கு இவ்வளவு அக்கறை.

உள்ளே இருப்பவை: கறுப்பு உருண்டை கார்பன், நான்கு ஓட்டை. வெள்ளை ஹைட்ரஜன், ஒரு ஓட்டை. சிவப்பு ஆக்சிஜன், இரண்டு ஓட்டை. நீலம் நைட்ரஜன், மஞ்சள் கந்தகம், பச்சை குளோரின். குட்டையான சாம்பல் குச்சிகள் ஒற்றைப் பிணைப்புக்கு, வளையக்கூடிய நீளக் குச்சிகள் இரட்டை, மும்மைப் பிணைப்புக்கு. தனியாக ஒரு பையில் சோடியம் குளோரைடு: 14 பச்சை, 13 ஊதா, 54 குச்சி. வெள்ளை உருண்டையில் இரண்டு குறைந்தது, கடைக்காரரிடம் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். ஓட்டைகள் முதலில் ரொம்ப இறுக்கம், பிள்ளைக்குக் கட்டை விரல் சிவந்துவிட்டது. குச்சி நுனியில் துளி தேங்காயெண்ணெய் தொட்டால் சரியாகிவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சகப்பிணைப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாமான் இந்த விலைக்குக் கிடைக்காது. எனக்கு ஒன்பதாவதில் பாடம் எடுத்த டீச்சர் சுண்டைக்காயில் ஈர்க்குச்சியைக் குத்தி மீத்தேன் செய்து காட்டினார், அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, ஆனால் சுண்டைக்காயில் கோணம் சரியாக வராது. இதில் வரும். கறுப்பு உருண்டையில் நாலு வெள்ளையைச் செருகினால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் மூன்று கால் தரையில், ஒரு கால் மேலே, 109.5 டிகிரி. எத்திலீன் செய்ய இரண்டு கார்பனுக்கு நடுவே இரண்டு வளைகுச்சி போட்டால் திருக முடியாது, ஈத்தேனைத் திருக முடியும். இதைக் கையால் திருகிப் பார்த்த பிள்ளைக்கு மாற்றியம் பாடம் (அதே அணுக்கள், அமைப்பு மட்டும் வேறு) பாதி முடிந்த மாதிரி.

இங்கே குச்சி சொல்வது உண்மை. ஒரு குச்சி என்றால் இரண்டு அணுக்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு எலக்ட்ரான் இரட்டை. அமெரிக்க வேதியியலாளர் ஜி. என். லூயிஸ் 1916-இல் சொன்ன கணக்கு அது. பங்காளிகள் இரண்டு பேர் ஒரு கிணற்றுக்குப் பாத்தியப்பட்டிருப்பது போல, இரண்டு பேருக்கும் அது சொந்தம், அதை விட்டு இரண்டு பேரும் விலகிப் போக முடியாது. அந்தக் கிணறு இருக்கும் இடம் நிலையானது, அதாவது சகப்பிணைப்புக்குத் திசை உண்டு. உருண்டையில் ஓட்டை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதே அந்தத் திசைதான்.

சிக்கல் தண்ணீரில் ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் நான் மாவரைத்துக் கொண்டிருந்தேன். மகள் ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை சேர்த்துத் தண்ணீர் செய்து கொண்டுவந்து, சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருந்த சாம்பல் குச்சியைத் தொட்டு, “ஏம்மா, இதுதானே ஹைட்ரஜன் பிணைப்பு?” என்றாள். இல்லை கண்ணு, அது சகப்பிணைப்பு என்றேன். “ஹைட்ரஜன்தானே இதுல இருக்குது?” என்று திருப்பிக் கேட்டாள். கேள்வியில் தப்பில்லை. பெயர் அப்படி இருக்கிறது, பெட்டியும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. உள்ளே வரும் சிறு புத்தகத்தில் தண்ணீர் படம் இருக்கிறது, ஹைட்ரஜன் பிணைப்பு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன், அவர்களும் அதே குச்சியைத்தான் காட்டினார்கள்.

ஹைட்ரஜன் பிணைப்பு என்பது ஒரு தண்ணீர் மூலக்கூறுக்குள் இருப்பது இல்லை. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனுக்கும் இடையில் உண்டாகும் இழுப்பு அது. ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் குணம் அதிகம்: பாலிங் அளவுகோலில் ஆக்சிஜன் 3.44, ஹைட்ரஜன் 2.20. பங்கு எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன, ஹைட்ரஜன் ஓரளவு நேர்மின் தன்மையோடு வெறும் மேனியாக நிற்கிறது. அதற்கு உள்கூட்டு எலக்ட்ரான் என்று எதுவும் இல்லை, இருந்த ஒன்றும் சாய்ந்துவிட்டது. அப்போது பக்கத்து ஆக்சிஜனிடம் யாரோடும் பங்கு போடாத தனித்த எலக்ட்ரான் இரட்டை இருந்தால் இது அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொள்வதும் இல்லை, கொடுத்துவிடுவதும் இல்லை. சொந்த வீட்டை விட்டு வராமலே திண்ணையிலிருந்து எதிர்வீட்டோடு பேசுவது போன்ற உறவு.

எல்லா ஹைட்ரஜனும் இப்படிச் செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் இந்த மூன்றில் ஒன்றோடு சேர்ந்த ஹைட்ரஜன்தான் பள்ளிப் பாடத்தின் கணக்கு. மீத்தேனில் நாலு ஹைட்ரஜன் இருந்தும் ஒன்றும் நடக்காது, மைனஸ் 161 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும். இதற்குப் பெட்டியிலிருந்தே ஒரு நல்ல சோதனை செய்தோம். சிவப்பை எடுத்துவிட்டு மஞ்சள் கந்தகத்தை வைத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பார்த்தால் தண்ணீருக்குக் கூடப்பிறந்தது போலவே இருக்கிறது, எடையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சல்ஃபர் சாயம் ஓட்டும் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு அந்த அழுகிய முட்டை நாற்றம் தெரியும். கனமான அது மைனஸ் 60 டிகிரியில் கொதிக்கிறது, லேசான தண்ணீர் 100 டிகிரி வரை தாங்குகிறது. கந்தகத்தின் எலக்ட்ரான் கவர்தன்மை 2.58தான், ஹைட்ரஜனோடு பெரிய வித்தியாசமே இல்லை, அதனால் பக்கத்து மூலக்கூறை அந்த அளவுக்குப் பிடிக்க முடியவில்லை. 160 டிகிரி வித்தியாசம் இந்தத் திண்ணைப் பேச்சில்தான் வருகிறது, ஆனால் பெட்டியில் இரண்டும் ஒரே உருவம். அதைப் பெட்டி சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் அப்போதே பேசினோம், இட்லிச் சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக் கொண்டிருந்தது. அந்தக் குமிழுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றாள். அதுவும் அந்தக் குச்சி செய்த வேலை: பிணைப்பு அறுந்தால்தானே கொதிக்கும், இருக்கும் பிணைப்பு இந்தக் குச்சி ஒன்றுதானே! குமிழுக்குள் இருப்பது முழுத் தண்ணீர் மூலக்கூறுகள். அறுந்தது மூலக்கூறுகளுக்கு நடுவில் இருந்த பிடி. கணக்கைப் பார்த்தால் தெளிவாகிவிடும். 18 கிராம் தண்ணீர், அதாவது ஒரு மோல், ஆவியாக மாறச் சுமார் 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்புகள் அத்தனையும் அறுக்க வேண்டுமானால் 920-க்கு மேல். ஒரு சகப்பிணைப்பு மோலுக்கு 460 அளவில் இருக்கும், தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு 20 கிலோஜூல் சுற்றுவட்டாரத்தில். இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். நீளமும் வேறு: முன்னது 0.96 ஆங்ஸ்ட்ராம், பின்னது 1.8-லிருந்து 2 வரை வரும். இரண்டுக்கும் ஒரே நீளத்தில் ஒரே சாம்பல் குச்சியைப் போட்டால் எப்படிச் சரியாகும்?

இப்போது உப்புப் பை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. 27 உருண்டையும் செருகி முடித்தால் மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என்று அழகான பெட்டி வருகிறது, அலமாரியில் வைத்தால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நடுவில் இருக்கும் ஊதா உருண்டைக்கு ஆறு பக்கமும் ஆறு குச்சி. மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சோடியத்துக்கு இணைதிறன் ஒண்ணுதானேம்மா, அப்புறம் ஏன் ஆறு?”

எங்கள் அப்பா, அவளுக்கு அப்புச்சி, சென்னிமலையில் தறி ஓட்டினவர், பக்கத்தில் உட்கார்ந்து பாவு நூலுக்கு முடிச்சுப் போடுவது போல அந்தக் குச்சிகளைச் செருகிக் கொடுத்துக் கொண்டிருந்தார். அவரும் நிமிர்ந்து, “அதானேம்மிணி, கேக்கறது நாயந்தானே?” என்றார்.

நியாயம்தான். அந்தக் குச்சி எதுவுமே உண்மையில் இல்லை. சோடியம் தன் வெளிக்கூட்டில் இருந்த ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டது. கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி, அவ்வளவோடு கொடுக்கல் வாங்கல் முடிந்தது. அப்புறம் நடப்பது வெறும் மின் இழுப்பு. அந்த இழுப்புக்குத் திசை கிடையாது, விளக்கு வெளிச்சம் போல எல்லாப் பக்கமும் பரவும். ஒரு சோடியத்தைச் சுற்றி எத்தனை குளோரைடு இடிக்காமல் நிற்க முடியுமோ அத்தனை நிற்கின்றன, அளவுக் கணக்குப்படி ஆறு. சீசியம் குளோரைடில் சீசியம் பெரியது, அதனால் எட்டு. இணைதிறன் என்பது எத்தனை எலக்ட்ரான் கைமாறியது என்ற கணக்கு, பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற கணக்கு இல்லை. கல்லுப்பில் “இந்தச் சோடியத்துக்கு இந்தக் குளோரின்” என்று ஜோடியே கிடையாது, உப்பு மூலக்கூறு என்று ஒன்றைத் தனியாகப் பிரித்துக் காட்டவும் முடியாது. பெட்டியில் குச்சி போடுவது உருண்டைகள் விழாமல் நிற்கத்தான். பெட்டிக்காரர்கள் இந்த ஒரு வரியைச் சிறு புத்தகத்தில் அச்சடித்திருந்தால் நான் அரை மார்க் கூடப் போட்டிருப்பேன்.

அயனிப் பிணைப்பு பலமா, பலவீனமா என்பதும் பிள்ளைகளைக் குழப்பும் இடம். உப்பு உருக 801 டிகிரி வேண்டும். படிகத்தைத் தனித்தனி அயனியாகப் பிரிக்க மோலுக்கு 787 கிலோஜூல். இவ்வளவு பலமானது ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டால் இரண்டு நிமிசத்தில் காணாமல் போகிறது. ஏனென்றால் தண்ணீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் பக்கத்தைச் சோடியத்துக்கும் ஹைட்ரஜன் பக்கத்தைக் குளோரைடுக்கும் காட்டி ஒவ்வொரு அயனியையும் சூழ்ந்துகொண்டு, இழந்த பிடிக்கு ஈடான பிடியைக் கொடுத்துவிடுகின்றன. பலம் என்ற ஒரே தராசில் மூன்று பிணைப்பையும் நிறுத்தக் கூடாது, எதற்கு முன்னால் பலம் என்று கேட்க வேண்டும். அதைப் பெட்டியை வைத்து விளக்க முடியாது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துக் கரைந்த உப்பை எண்ணாகக் காட்டும், 300 ரூபாய்க்கு விற்கும் டிடிஎஸ் பேனா ஒன்று எங்களிடம் இருந்தது, அதை எடுத்தோம். ஆர்ஓ தண்ணீர் இரண்டு டம்ளர். ஒன்றில் சிட்டிகை உப்பு, எண் சட்டென்று பல நூறு ஏறியது. இன்னொன்றில் ஒரு கரண்டி சர்க்கரை, எண் அசையவே இல்லை. உப்பு அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்துகிறது. சர்க்கரை மூலக்கூறு முழுசாகவே இருக்கிறது, உள்ளே இருக்கும் சகப்பிணைப்பு ஒன்றுகூட அறவில்லை, அதன் ஓரங்களில் இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் கைகள் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொண்டதால் கரைந்தது. செய்து பார்ப்பவர்கள் வெள்ளைச் சர்க்கரையில் செய்யுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைப் போட்டால் அதில் இருக்கும் தாது உப்புகளால் எண் ஏறிவிடும், பிள்ளை குழம்பிப் போகும்.

பட்டறைக்காரர்களுக்கு இது வெறும் பாடம் இல்லை. அடர்ந்த ஷேடு போட லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுகிறோம். பருத்தியும் தண்ணீரில் எதிர்மின் பக்கம், சாயமும் எதிர்மின் பக்கம், இரண்டும் தள்ளிக்கொள்ளாமல் இருக்க நடுவே சோடியம் அயனி வேண்டும். சாயம் துணிக்குப் போய்விடும், உப்பு முழுதும் தண்ணீரிலேயே நிற்கும். கரைந்த அயனியைத் துணியில் வடிகட்ட முடியாது, மணலில் வடிகட்ட முடியாது. நொய்யல் ஆறு கெட்டதற்கும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்னதற்கும், இப்போது ஆர்ஓ வைத்து, மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுப்பதற்கும் அடியில் இருப்பது இந்த ஒரு குணம்தான். பட்டறை மூடிக் கிடந்த அந்த மாதங்களில் சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அயனி என்பது பெரிய விஷயம்.

சரி, பெட்டிக்கு வருவோம். ஹைட்ரஜன் பிணைப்பைக் காட்ட முடியாததற்குக் குச்சி மட்டும் காரணம் இல்லை, சிவப்பு உருண்டையில் இரண்டே ஓட்டை. தனித்த எலக்ட்ரான் இரட்டை இரண்டுக்கும் இடமே விடவில்லை. பனிக்கட்டி செய்யலாம் என்று உட்கார்ந்தால் முதல் மூலக்கூறிலேயே வழி அடைத்துவிடும். நாங்கள் செய்தது இது: கறுப்பு உருண்டை ஆறை எடுத்து மகளின் சிவப்பு நகப்பூச்சு இரண்டு கோட் அடித்தோம். நாலு ஓட்டை ஆக்சிஜன் தயார். இரண்டு ஓட்டையில் வழக்கம்போலச் சாம்பல் குச்சியும் வெள்ளை உருண்டையும். மீதி இரண்டு ஓட்டையின் வாயில் ஆளுக்கொரு பொட்டுக் காந்தம், வெள்ளை உருண்டையின் மறுபக்கத்தில் ஒரு பொட்டுக் காந்தம், ஃபெவிக்விக் வைத்து ஒட்டினோம். மொத்தம் 24 காந்தம். ஒட்டும்போது கவனம் வேண்டும்: ஆக்சிஜனில் எல்லாம் ஒரே முனை வெளியே, ஹைட்ரஜனில் எல்லாம் எதிர்முனை வெளியே. அப்படி வைத்தால் ஆக்சிஜனும் ஆக்சிஜனும் தள்ளிக்கொள்ளும், ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் தள்ளிக்கொள்ளும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் மட்டும் டக்கென்று ஒட்டும்.

ஆறையும் ஒரு தட்டில் போட்டு ஆட்டினால் ஒட்டுகிறது, பிரிகிறது, வேறொன்றோடு ஒட்டுகிறது, எவ்வளவு ஆட்டினாலும் சாம்பல் குச்சி ஒன்றும் கழன்று வரவில்லை. தண்ணீர் என்பது அதுதான். நிஜத் தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு நிற்பது ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு நேரம், அதற்குள் ஆள் மாறிவிடும். “அம்மா, குச்சி நிக்குது, காந்தம் மாறுது” என்று அவளே சொன்னாள். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை.

அப்புறம் நிதானமாக ஆறையும் வளையமாகச் சேர்த்தோம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறி அலை போல நிற்கும் அறுகோண வளையம், நடுவில் என் கட்டைவிரல் நுழையும் அளவு காலி இடம். அந்தக் காலி இடம்தான் பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கக் காரணம். உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரோடு சரியான திசையில் கை கோத்தாக வேண்டும், அதற்காகத் தள்ளி நிற்கிறது, கன அளவு 9 சதவீதம் கூடுகிறது. உருகினால் வளையம் கலைந்து இடைவெளி அடைபட்டுவிடுகிறது. ஃப்ரீசரில் முழுக்க நிரப்பி வைத்த கண்ணாடிப் பாட்டில் வெடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். திசை இல்லாத அயனி இழுப்பாக இருந்தால் இப்படி ஓட்டை விட்டு அடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்புக்குத் திசை உண்டு, நேர்கோட்டில் நிற்கத்தான் அதற்கு விருப்பம், ஆனால் சகப்பிணைப்பு போலப் பிடிவாதம் இல்லை, கொஞ்சம் கோணினாலும் பொறுத்துக்கொள்ளும்.

காந்தம் என்பது ஒப்புமைக்குத்தான், உண்மையில் அங்கே இருப்பது மின் இழுப்பு என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் காந்த வேலையே வேண்டாம். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கட்டிவிடலாம், நீளம் குச்சியைப் போல இரு மடங்கு இருக்கட்டும்.

மூன்று பிணைப்பும் நிஜத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று காட்ட லேபிலிருந்து மூன்று துண்டுத் துணி கொண்டுவந்தேன். ஒன்று டைரக்ட் சாயம் போட்ட பருத்தி, ஃபிக்ஸர் (சாயத்தை நிறுத்தும் மருந்து) போடாதது. ஒன்று ரியாக்டிவ் சாயம் போட்டு நன்றாகச் சோப்பிங் செய்த, அதாவது சூடான சோப்புத் தண்ணீரில் அலசிய பருத்தி. ஒன்று ஆசிட் சாயம் போட்ட நைலான். மூன்றும் ஏறக்குறைய ஒரே சிவப்பு. தனித்தனிக் கிண்ணத்தில் சூடான சோப்புத் தண்ணீர், கூடவே ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பனியன் துணி. அரை மணி நேரம். டைரக்ட் போட்ட கிண்ணத்தில் தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது, வெள்ளைத் துணியும் ரோஸ். ரியாக்டிவ் கிண்ணம் தெளிவு. நைலான் கிண்ணத்தில் லேசாக நிறம் தெரிந்தது.

டைரக்ட் சாயம் நீளமான, தட்டையான மூலக்கூறு. காங்கோ ரெட் 1884-இல் வந்த காலத்திலிருந்து அது பருத்திமேல் படுத்துக்கொண்டு ஹைட்ரஜன் பிணைப்பாலும், நெருங்கிய மூலக்கூறுகளுக்குள் இருக்கும் மெல்லிய வான் டெர் வால்ஸ் இழுப்பாலும்தான் நிற்கிறது. சூடான தண்ணீர் தானும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஆள் என்று வந்து நின்றால் இடத்தை விட்டுக் கொடுத்துவிடும். ரியாக்டிவ் சாயம் 1956-இல் ஐசிஐ கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது, அது சோடா போட்டுக் காரம் ஏறியதும் பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலியில் இருக்கும் ஆக்சிஜனோடு நேராகச் சகப்பிணைப்புப் போட்டு, துணியின் உடம்பாகவே ஆகிவிடும். நைலானில் இருக்கும் நேர்மின் அமீன் முனையும் சாயத்தின் எதிர்மின் சல்ஃபோனேட்டும் சேர்வது அயனி இழுப்பு. ரியாக்டிவ் சாயத்திலேயே தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும் பங்கு ஒன்று எப்போதும் உண்டு. அது துணியோடு சகப்பிணைப்புப் போட முடியாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெளியேற்றத்தான் 95 டிகிரியில் சோப்பிங் ஓட்டுகிறோம். சோப்பிங்கைக் குறைத்து லாபம் பார்த்த துணிதான் முதல் துவைப்பில் சாயம் விடும். பார்த்தால் தெரியாது. பிடித்திருக்கும் விதம் வேறு.

அப்பாவுக்கு இதில் ஒன்றுதான் பிடித்தது. வேட்டியில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் ஏன் கசங்கல் போகிறது என்ற கதை. பருத்திச் சங்கிலிகளுக்கு நடுவே கோணலாகப் போட்டிருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் நுழைந்து அவிழ்க்கிறது, சூட்டில் தண்ணீர் வெளியேறும்போது நேராக இருக்கிற நிலையிலேயே புதுப் பிணைப்பு விழுகிறது. கசங்காத சட்டை என்று விற்பதில் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே சகப்பிணைப்பாகவே பாலம் போட்டிருப்பார்கள், அதனால் மடித்தாலும் திரும்பிப் பழைய நிலைக்கு வரும். “அறுபது வருசம் தண்ணி தெளிச்சேன், இதுக்குத்தானா” என்று வேட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நல்ல மார்க் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சங்கதி: இந்த மூன்றுக்கும் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்தது போல எல்லை இல்லை. பைஃபுளூரைடு அயனியில் (இரண்டு ஃபுளூரினுக்கு நடுவே ஒரு ஹைட்ரஜன்) இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மோலுக்கு 160 கிலோஜூலை ஒட்டி வரும், அங்கே பாதிக்குப் பாதி சகப்பிணைப்பின் சாயலே இருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் என்ன என்பதற்கான வரையறையை, வேதியியல் பெயர்களுக்கும் சொற்களுக்கும் உலக அளவில் நெறி வகுக்கும் ஐயுபேக் அமைப்பு 2011-இல்தான் புதுப்பித்தது. அதற்கான குழுவுக்குத் தலைமை வகித்தவர் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் அருணன். அதைச் சொன்னதும் மகளுக்குப் பாடத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

யார் வாங்கலாம்: கரிம வேதியியல் படிக்கப்போகும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் தயங்காமல் வாங்கலாம், இரண்டு வருசமும் உதவும். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைக்கு வாங்கித் தருவதானால் கூடவே உட்காருங்கள், தனியாக விட்டால் எல்லாப் பிணைப்பும் ஒரே சாம்பல் குச்சி என்று படிந்துவிடும். உப்புப் பை இல்லாமல் 550 ரூபாய்க்கும் ஒரு பெட்டி இருக்கிறது, செலவைப் பார்க்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் காந்தமும் டிடிஎஸ் பேனாவும் வாங்குவது மேல் என்பேன். பள்ளிகளுக்கு வாங்குகிறவர்கள் நாலு ஓட்டைச் சிவப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். போன வாரம் அதே கடைக்குப் போன் செய்து கேட்டேன். “தனியா வருதுங்க அக்கா, ஒண்ணு ஏழு ரூபா, சொல்லி வெச்சா எடுத்துத் தாரேனுங்க” என்றார். பன்னிரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். நகப்பூச்சு இரண்டு உருண்டையில் உரிய ஆரம்பித்துவிட்டது, பனிக்கட்டிக்கு இன்னும் மேலடுக்கு ஒன்று கட்ட வேண்டியிருக்கிறது.